கன்னத்தால் பார்த்த வெளிச்சம்

வண்டியில் சாமான் ஏற்றும்போது நீங்கள் முணுமுணுப்பது என் காதிலும் விழுகிறது. ஓய்வு பெற்றுவிட்டாலும் நம் கரையான்சாவடி விளக்கு குடோனுக்கு வாரத்தில் ஒருநாள் வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவன் நான். விளக்குகள் எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டன, ஒரு கையால் தூக்கலாம். அவற்றை இயக்கும் போர்டு பள்ளிக்கூடப் பை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அப்படியிருக்க, இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டிய வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கறுப்பு டிம்மர் பெட்டியும், அதில் மட்டுமே எரியக்கூடிய, இழை பல்பு வைத்த ஒரே ஒரு பழைய பார் விளக்கும் எதற்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வருகின்றன? உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் நேராகவே கேட்டார். கேட்டதற்கு நன்றி. பதிலை எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சாமி விளக்கு. திரை விலகுமுன் காலி மேடையில் அதை மட்டும் மெதுவாக ஏற்றி, அதன் முன்னால் சூடம் காட்டிவிட்டு, மெதுவாக இறக்கிவிட்டுத்தான் மற்ற விளக்குகளைத் தொடுவோம். என்னை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்தவர் ஏற்படுத்திய வழக்கம் அது. அவர் காலத்தில் எல்லா விளக்கும் அதே மாதிரிதான் இருந்தது, அதனால் எதையும் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. எல்.இ.டி. வாங்கியபோது பழையவற்றை மொத்தமாக இரும்புக் கடைக்குப் போட்டோம். ஒன்றை மட்டும் வழக்கத்துக்காக வைத்துக்கொண்டோம். சொல்லப்போகும் நாள்வரை எனக்கும் அது வெறும் வழக்கம்தான்.

அந்த நாள் ஒரு மார்கழியின் கடைசி ஞாயிறு. பூந்தமல்லி சாலையின் நடுவில் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷம். கரையான்சாவடியிலிருந்து அயனம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் வண்டியிலேயே பாதி நாள் கழிந்துவிடும் என்று விடியுமுன்பே கிளம்பிவிட்டோம். என்னைத் ‘தேதி அண்ணன்’ என்று நீங்கள் கேலி செய்வது தெரியும். தேதி இல்லாமல் எனக்கு எதுவும் நினைவில் நிற்காது, என்ன செய்வது.

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் காலியாகக் கிடக்கும், வாடகையும் குறைவு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு நாடகக் குழு வருஷா வருஷம் அந்த மாதத்தில்தான் அங்கே நாடகம் போடுவார்கள். அன்று போட்டது அவர்கள் பல வருஷமாகப் போட்டுவரும் அதே நாடகம். மூடப்படும் ஒரு தொழிற்சாலையின் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் பெண்ணின் கதை. அந்தப் பெண்ணாக நடிப்பவர் கஸ்தூரி அக்கா. நிஜ வாழ்க்கையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் பார்த்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர்.

கடைசிக் காட்சியில் மேடையில் அவர் மட்டும்தான். எல்லோரும் போய்விட்டார்கள். பொழுது சாய்கிறது. பின்னாலிருந்து நடந்து மேடையின் முன்பக்கம் வந்து, விளிம்புக்குச் சற்று உள்ளே நின்று, காலியான தெருவைப் பார்த்துப் பேசுவார். பேசப் பேச மாலையின் மஞ்சள் நீலமாகி, நீலம் கறுத்து, ‘நாளைக்கும் கடை உண்டு’ என்ற கடைசி வார்த்தையோடு மேடை முழு இருட்டாக வேண்டும். வார்த்தை முந்தினாலும் கெட்டது, இருட்டு முந்தினாலும் கெட்டது. பழைய விளக்குகள் இருந்த வருஷங்களில் எங்கள் இருவருக்கும் அது ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அவர் குரல் இறங்கத் தொடங்கியதும் என் விரல் இறங்கும், அவ்வளவு நுணுக்கமாக அவரைப் பின்தொடர்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

அந்த வருஷம்தான் அவர்களுக்கு முதல்முறையாக எல்.இ.டி. கொண்டுபோனோம். காலை முழுவதும் அந்தக் கடைசி இறக்கத்துக்கே செலவழித்தேன். உங்களுக்குத் தெரியும்: சிவப்பும் பச்சையும் சேர்த்துத்தான் அந்த மாலை மஞ்சளைச் செய்கிறோம். இரண்டும் ஒரே வேகத்தில் இறங்குவதாகப் போர்டின் எண் சொல்லும், கண் ஒப்புக்கொள்ளாது. அடிமட்டத்துக்கு வரும்போது பச்சை முதலில் செத்துவிடும், மஞ்சள் திடீரென்று ரத்தச் சிவப்பாகிவிடும். போதாததற்குக் கடைசித் துளி வெளிச்சம் மெல்லக் கரையாமல் படிக்கட்டிலிருந்து தவறி விழுவதுபோல் பட்டென்று அணையும். இதையெல்லாம் சரிசெய்து, இறக்கத்துக்கு நேரம் குறித்துப் பதிவும் செய்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். என் வாழ்நாளிலேயே அழகான மாலை அது என்று நினைத்தேன்.

மதியம் ஒத்திகை. நாடகத்தை இயக்கிய இளமாறன், திருநெல்வேலியிலிருந்து வந்து ஏரிக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில் குடியிருப்பவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நிதானமானவர், அன்று மட்டும் முகம் சரியில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“அண்ணே, கஸ்தூரி அக்காவுக்குச் சுகர்ல கண்ணு ரொம்பப் போயிட்டு. கொஞ்சம் மங்கல்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. போன வாரம் ஒத்திகையில நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தோம், நேரா போய் மோதிட்டாங்க. எனக்கு என்னமோ அவங்களுக்குச் சுத்தமா தெரியலன்னு தோணுது. இன்னிக்கு ஒத்திகை பாப்போம். சரியா நின்னாங்கன்னா அவங்களே நடிக்கட்டும். இல்லன்னா வேற பொண்ணு வசனம் படிச்சு வச்சிருக்கு. கீழ கருங்கல் தரைண்ணே. விழுந்தாங்கன்னா என்னால வாழ்நாள் முழுக்கத் தாங்க முடியாது.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மேடை என் நெஞ்சு உயரம்.

கடைசிக் காட்சி வந்தது. என் மாலை மேடையெங்கும் நிறைந்தது. கஸ்தூரி அக்கா பின்னாலிருந்து நடந்து வந்தார். நிற்க வேண்டிய இடம் வந்தது. நிற்கவில்லை. முகத்தை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, எதையோ தேடுகிறவர்போல இன்னும் வந்தார். கீழே ஒயர் சுற்றிக்கொண்டிருந்த தயாளன்தான் கத்தினான்.

“யக்கா! நில்லு! அப்டியே நில்லு!”

நின்றார். ஒரு பாதத்தின் விரல்கள் விளிம்புக்கு வெளியே இருந்தன. தயாளன் ஓடிப்போய் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எங்கள் குழுவில் அப்போது எனக்கு அடுத்தபடி இருந்தவன், வாய் ஓயாத ஆள். நானும் போர்டை விட்டு மேடையடிக்கு ஓடினேன்.

முதலில் பேசியது கஸ்தூரி அக்காதான். கோபமாக.

“இன்னா தம்பி, லைட்டு போட்டியா இல்லியா?”

“போட்டுகினுதான் கீறோம் யக்கா. உன் மூஞ்சி மேலதான் அடிச்சிகினு கீது” என்றான் தயாளன்.

“எங்கடா அடிக்குது? ஒன்னுமே வர்ல.”

அவர் முகம் முழுவதும் மஞ்சள் வெளிச்சம். புருவத்தின் ஒவ்வொரு முடியும் எனக்குத் தெரிந்தது. இளமாறன் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

“சூடு வர்ல நைனா.”

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. இரண்டு வருஷமாகவே மேடையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வசனம் மனப்பாடம், உடன் நடிப்பவர்களின் குரல் பழக்கம். மற்றதையெல்லாம் விளக்குதான் சொல்லியிருக்கிறது. இடது கன்னத்தில் சூடு பட்டால் டீக்கடைப் பக்கம். நெற்றியில் ஏறிக்கொண்டே போனால் முன்னால் வருகிறோம். நெற்றியும் மூக்கும் சேர்ந்து காய்ந்தால் அதற்குமேல் போகக்கூடாது. நான் தொங்கவிட்ட ஒவ்வொரு விளக்கும் எங்கே இருக்கிறது என்று அவர் தோலுக்குத் தெரிந்திருந்தது. எல்.இ.டி. விளக்கு முன்பக்கம் சூட்டை அனுப்புவதில்லை. அது எவ்வளவு நல்லது என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

“கடைசில நீ லைட்ட எறக்கறல்ல, அது மூஞ்சிய விட்டுப் போறது அப்டியே தெரியும். அது போக ஆரம்பிச்சாதான் நான் கொரல எறக்குவேன். காதோரம் கடைசியா ஒரு சூடு நிக்கும். அது போறப்ப ‘கடை உண்டு’ன்னு முடிச்சிடுவேன்” என்றார்.

“இல்லக்கா, நீங்க குரலை இறக்கினாத்தான் நான் ஆரம்பிப்பேன்” என்றேன்.

“இன்னா சொல்ற? நீதானே மொதல்ல?”

“நீங்கதானேக்கா?”

தயாளன் இடையில் புகுந்தான். “சரியாப் போச்சு. ரெண்டு பேரும் அடுத்தவருதான் டிரைவருன்னு நெனச்சிகினு இத்தினி வருசமா பஸ்ஸு ஓட்டிகீறீங்க.”

அக்காதான் முதலில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று உண்டு, சிவப்புக்கு அப்பால் இருக்கிறது, அதைத்தான் சூடு என்று உணர்கிறோம் என்று எத்தனையோ புத்தகங்களில் படித்தவன் நான். அந்த வெளிச்சத்தை மேடை முழுக்கக் கொட்டியவனும் நானே. அதை ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

இளமாறன் மேடையேறி அக்காவின் கையைப் பிடித்தார். “அக்கா, ஒரு நாற்காலி போட்டுடுறேன். உக்காந்தே பேசுங்க. இல்ல, இந்த வருஷம் அந்தப் பொண்ணு…”

“சேர்ல குந்தவெச்சி பேசவெச்சா ஜனங்க பாவம் பாப்பாங்க தம்பி. டீக்கடக்காரிய பாக்கமாட்டாங்க. அந்தப் பொண்ணே செய்யட்டும். நல்லாதான் செய்யும்” என்றார் அக்கா. குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. அவ்வளவு வசனம் பேசிய குரல் அப்படித் தட்டையாக ஒலித்து நான் கேட்டதில்லை.

பழைய விளக்குகள் போய்விட்டன. இருந்தது ஒன்றே ஒன்று, சாமி விளக்கு. இளமாறனிடம் கொஞ்ச நேரம் கேட்டேன். மாலை நாடகத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கும்வரை தருகிறேன், அதற்குள் எனக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றார்.

ஒரு விளக்கு ஒரு மேடையைச் சொல்லாது. அதனால் எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. எதிரில் வைத்தால் கிட்ட வரவர சூடு ஏறும், ஆனால் எந்த இடத்தில் நிற்பது என்று தெரியாது. மேலே தொங்கவிட்டால் சூடு பரவிவிடும். நான் மேடையின் பக்கவாட்டில், பக்கத் திரைக்குப் பின்னால், அக்காவின் கன்ன உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டில் அதை வைத்தேன். ஒளி, மேடை விளிம்புக்கு இணையாக, குறுக்கே ஒரு கயிறு கட்டினாற்போல் போக வேண்டும். அந்தக் கயிறு கன்னத்தில் பட்ட இடத்தில் அவர் நிற்க வேண்டும். நின்றபிறகு அதே கயிற்றை நான் இறக்கினால் இறக்கமும் தெரிந்துவிடும்.

அடுத்த சிக்கல் நிறம். பழைய விளக்கின் மஞ்சள் என் நீல இரவைக் குலைத்துவிடும். சாமி விளக்கின் முகப்பில் இருந்த பழைய கலர் பேப்பரை எடுத்துவிட்டு, கையிலிருந்ததிலேயே மிகக் கடுமையான நீலக் கலர் பேப்பரை மடித்துப் போட்டேன். அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், சூட்டைத் தடுக்காது. தயாளனைக் கன்னம் காட்டி நிற்கச் சொன்னேன்.

“அண்ணாத்தே, கண்ணுக்கு ஒன்னுமே தெர்ல. கன்னம் மட்டும் தோசை மாரி வேவுது!”

அக்கா மறுபடி பின்னாலிருந்து நடந்தார். கயிற்றுக்குள் கன்னம் நுழைந்ததும் நின்றார். மறுபடி செய்யச் சொன்னார் இளமாறன். நின்றார். வேகமாக வரச் சொன்னார். நின்றார். கடைசியில் இளமாறன் போட்டது ஒரே நிபந்தனை: கடைசிக் காட்சி முழுவதும் விளிம்புக்குக் கீழே ஓர் ஆள் கையை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும்.

“நான் நிக்கறேன்” என்றான் தயாளன். “ஆனா யக்கா, பாத்து வுழு. எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல.”

“உனுக்குப் பொண்ணு குடுக்கறவன்தான்டா பாத்து வுழணும்” என்றார் அக்கா. குரலில் ஏற்ற இறக்கம் திரும்பியிருந்தது.

நான் பதிவு செய்துவைத்த இறக்கத்தை அழித்தேன். நேரம் குறித்த பொத்தானுக்கு யாருக்காகவும் காத்திருக்கத் தெரியாது. எல்.இ.டி.யை ஏற்றி இறக்கும் ஃபேடரில் இடது கை, டிம்மர் பெட்டியில் வலது கை என்று வைத்துக்கொண்டேன்.

மாலை மண்டபம் நிரம்பிவிட்டது. மார்கழியிலும் உள்ளே புழுக்கம். யாரோ பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். மூடச் சொல்ல எனக்கு வழியில்லை, நான் கூட்டத்துக்குப் பின்னால் போர்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சி தொடங்கும்போது ஏரிக்காற்று நேராக மேடைக்குள் புகுந்தது. பின் திரை அசைந்தது. அக்காவின் சேலைத் தலைப்பு பறந்தது.

மதியத்து ஒத்திகையில் காற்றே இல்லை. அந்தச் சில்லிட்ட காற்றில் ஒரு விளக்கின் சூடு அவர் கன்னத்துக்கு எட்டுமா?

நடந்து வந்தார். கயிற்றுக்குள் நுழைந்தார். நிற்கவில்லை. நடை மட்டும் தயங்கியது. முகத்தைத் திருப்பினார். தயாளனின் இரண்டு கைகளும் விளிம்புக்கு மேலே எழுவது எனக்குத் தெரிந்தது. முன் வரிசையில் இளமாறன் பாதி எழுந்துவிட்டார்.

காட்சியின் அழகைக் காப்பாற்றுவதா, அவரைக் காப்பாற்றுவதா என்று யோசிக்க நேரமில்லை, யோசிக்க வேண்டியதும் இல்லை. வலது கையை மேலே தள்ளிவிட்டேன், கடைசிவரை. நாடகத்தில் எங்கும் இல்லாத ஒரு நீலம் மேடையின் குறுக்கே கத்திபோல் பாய்ந்து அவர் முகத்தின் ஒரு பாதியைப் பிடித்தது.

நின்றார்.

பேசத் தொடங்கினார். காலித் தெருவைப் பார்த்து, கன்னத்தை மட்டும் அந்த நீலத்துக்குக் கொடுத்துக்கொண்டு. நான் இடது கையால் மாலையை இறக்கி இரவைக் கொண்டுவந்தேன். கடைசி வாக்கியத்துக்கு முன் அவர் எப்போதும் விடும் இடைவெளி வந்தது. அவர் குரலுக்காக நான் காத்திருந்தேன்.

குரல் வரவில்லை.

இன்னும் காத்திருந்தேன். வசனம் மறந்துவிட்டதோ என்று பயந்தேன். அப்போது அவர் முகவாய் ஒரு நூல் உயர்ந்தது. மதியம் அக்கா சொன்னது எனக்கு உறைத்தது. அவர் எனக்காகக் காத்திருக்கிறார். இத்தனை வருஷமாக எங்களுக்கே தெரியாமல் நடந்த ஒன்று, தெரிந்துவிட்டதால் நின்றுபோயிருந்தது.

வலது கையை, இறங்கியதா இல்லையா என்று எனக்கே தெரியாத அளவுக்கு இறக்கினேன்.

“நாளைக்கும்” என்றார் கஸ்தூரி அக்கா.

இன்னும் கொஞ்சம். நீலம் நெற்றியை விட்டது, மூக்கை விட்டது. பேப்பருக்குப் பின்னால் பழைய இழை கனல்போலச் சிவந்து அணையத் தொடங்குவதை நான் பார்க்கவில்லை, என் விரலில் உணர்ந்தேன். அவருடைய காதோரம் எங்கே இருக்கிறது என்று அத்தனை பேருக்குப் பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது.

“கடை உண்டு.”

இருட்டு.

கைதட்டல் எழ நேரமானது. அந்த இடைவெளியில், முழு இருட்டில், மேடை விளிம்புக்குக் கீழிருந்து தயாளன் மூக்கை உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

பிறகு மேடைக்குப் போனேன். அக்கா என் காலடிச் சத்தத்தை வைத்தே திரும்பினார். “இன்னா தம்பி, நடுவுல தூங்கிட்டியா?” என்றார்.

“நீங்க ஆரம்பிப்பீங்கன்னு பாத்தேன்கா.”

“அதான் நீ ஆரம்பிச்சியே.”

அப்படித்தானா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. என் விரல் அசையும் முன் அவர் மூச்சை உள்ளே இழுத்தாரோ என்று ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கிறது. இளமாறன் எங்களிடம் வந்தார். அந்த ஸ்டாண்டைக் காட்டி ஒன்றுதான் கேட்டார்: “அண்ணே, அடுத்த மார்கழிக்கும் இந்த லைட்டு இருக்கும்ல?”

இருந்தது. அதற்கடுத்த மார்கழிக்கும் இருந்தது. பெட்டி ஏன் வண்டியில் வருகிறது என்று கேட்டீர்களே, இதனால்தான். பக்கக் கதவுகளை அடைத்துவைக்கச் சொல்வதும் இதனால்தான்.

வருகிற மார்கழியில் அந்த நாடகத்துக்குப் போர்டில் நான் இருக்கப்போவதில்லை. உங்களில் ஒருவர் இருப்பீர்கள். கஸ்தூரி அக்கா உங்கள் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, ஒருவேளை பெயரையும் கேட்கமாட்டார். சாமி விளக்குக்குச் சூடம் காட்டும்போது அதன் எதிரில் உங்கள் கன்னத்தையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். கடைசிக் காட்சியில் அவர் வந்து நிற்பார், பேசுவார், பிறகு நிறுத்திவிட்டு முகவாயை ஒரு நூல் உயர்த்துவார்.

நீங்கள் ஆரம்பியுங்கள்.